பின்னால் வரும் வண்டிக்கும் பிரேக் உண்டு!

கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால் பேச்சு எதில் தொடங்கும்? எந்த பிக்கப் நன்றாக இழுக்கும் என்பதில்தான். எத்தனை குதிரைத்திறன், மலையேறும்போது எந்த கியர், பெட்ரோலா டீசலா என்று மணிக்கணக்கில் ஓடும். இழுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நிறுத்துவதைப் பற்றி யாராவது வாயைத் திறக்கிறார்களா? சரி, நான் திறக்கிறேன். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் டன்ட்ரா பிக்கப்பின் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. டெகோன்ஷா நிறுவனத்தின் புராடிஜி பி2, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர். முகப்பில் ஒரு சின்ன எண் திரை, ஒரு திருகு, ஒரு பொத்தான், இடப்பக்கமாகத் தள்ள ஒரு லிவர். அவ்வளவுதான். விலை 150 டாலரை ஒட்டி வரும். நான் வண்டிக்கும் டிரெய்லருக்கும் கொட்டிய பணத்தில் இது தூசு. ஆனால் இத்தனை சாமான்களில் எதை மட்டும் கழற்ற விடமாட்டாய் என்று கேட்டால், யோசிக்காமல் இந்தப் பெட்டியைத்தான் கைகாட்டுவேன்.

கணக்கு எளிது. சாமான் ஏற்றிய என் பிக்கப் ஏறக்குறைய 6,000 பவுண்டு. தண்ணீர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றிய இரண்டு அச்சு டிரெய்லர் 5,000 பவுண்டு. பிக்கப்பின் பிரேக் பிக்கப்பை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. பின்னால் இருப்பதையும் சேர்த்து அதன் தலையில் கட்டினால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால், நாம் மிதித்ததை டிரெய்லர் அறியாது. அது தன் பாட்டுக்கு முன்னால் போகப் பார்க்கும், முதுகில் கை வைத்துத் தள்ளும். ஈர ரோட்டில், வளைவில் அந்தத் தள்ளல் பின்பக்கத்தை ஒருபுறமாக ஒதுக்கிவிடும். வண்டி மடங்கிக்கொள்வது இப்படித்தான்.

அமெரிக்கச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு குரலில். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டு தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் அந்த எல்லை 3,000. டெக்சஸில் 4,500. நான் இருக்கும் டென்வர் பக்கத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும். எது கடுமையான விதியோ அதற்கு ஏற்றபடி இருந்துவிட்டால் தலைவலி இல்லை. சட்டம் இருக்கட்டும், மலை இருக்கிறதே! அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் டிரெய்லர் சக்கரத்துக்குள் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் டிரம்மைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியம். நம் காரில் இருப்பதுபோல எண்ணெய் அழுத்தம் எதுவும் கிடையாது. இரண்டு பிரேக் ஷூ, ஒரு நீண்ட லிவர், லிவரின் அடியில் ஒரு மின்காந்தம். காந்தத்தின் முகம் தேய்ந்து பளபளவென்றிருந்தது. டிரம்மின் உட்புறத்திலும் அதே அகலத்துக்கு ஒரு வட்டத் தடம். மின்சாரம் வந்ததும் காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும், அம்மாவின் முந்தானையைப் பிடித்த பிள்ளை அவள் போகிற பக்கமெல்லாம் இழுபடுவதுபோல, டிரம் சுழலும் திசையில் இழுபடுகிறது. அந்த இழுப்பில் லிவர் சாய்கிறது, லிவர் ஷூவை விரிக்கிறது, ஷூ டிரம்மை அழுத்துகிறது. நிறுத்துவதற்கான பலத்தை ஓடும் சக்கரமே கொடுக்கிறது! மின்சாரம் செய்வதெல்லாம் 'பிடி' என்று சொல்வது மட்டுமே. ஒரு காந்தத்துக்கு ஏறக்குறைய 4 ஆம்பியர் போதும். நான்கு சக்கரத்துக்கு 16. இவ்வளவு கொஞ்சம் மின்சாரத்தில் 5,000 பவுண்டு நிற்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இது அலுக்காது.

எவ்வளவு மின்சாரம், எப்போது? அதை முடிவு செய்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நேரத்தைப் பார்த்து வேலை செய்வது. பிரேக் விளக்கு எரிந்ததும் எண்ண ஆரம்பித்து, நாம் முன்பே வைத்த அளவு வரை மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். சிக்னலில் மெதுவாக நிற்கப் போனாலும், குறுக்கே மான் பாய்ந்து உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். விலை குறைவு, சமதளமாகப் பொருத்த வேண்டிய கட்டாயம் இல்லை, லேசான டிரெய்லருக்கு ஓடும். இன்னொன்று விகிதாசார வகை. உள்ளே ஒரு உணரி இருக்கிறது. வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதை அளந்து, அதே விகிதத்தில் டிரெய்லர் பிரேக்கைப் போடும். பழைய மாடல்களில் இந்த வேலையை ஒரு ஊசல் செய்தது. இப்போது சில்லு செய்கிறது.

இந்த இரண்டாம் வகையை ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர்கள் முதல் வகைக்குத் திரும்ப மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். மெதுவாக மிதித்தால் திரையில் 1.2, 1.6 என்று எண் சோம்பலாக ஏறும். அழுத்தி மிதித்தால் சரசரவென்று 4, 5 என்று தாவும். காலைத் தளர்த்தினால் அதுவும் இறங்கிவிடும். என் பாதத்துக்கும் இருபதடி பின்னால் உருளும் நான்கு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. திரையில் ஓடுவது அதன் எழுத்து வடிவம். முதல் சில நாட்கள் ரோட்டைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் அதட்டினார். "என்னங்க, ரோடு முன்னாடி இருக்கு!" என்றார். நியாயம்தான்.

போன கோடையில் தெரிந்த தம்பி ஒருவர் புதிதாக கேம்பர் வாங்கிவிட்டு போன் செய்தார். "அண்ணா, பிரேக் கன்ட்ரோலர்னு தேடினா முப்பது வருது. எதை வாங்குறதுன்னே புரியல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"தம்பி, முதல்ல உங்க வண்டியிலயே இருக்கான்னு பாத்தீங்களா?"

பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. ஃபோர்டு 2005-ல் சூப்பர் டியூட்டி பிக்கப்பில் கம்பெனியிலேயே கன்ட்ரோலரைப் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தது. இன்று பெரிய பிக்கப்கள் பலவற்றிலும் டோயிங் பேக்கேஜோடு அது வருகிறது. அப்படி இருந்தால் வெளியில் வாங்க வேண்டாம். ஃபோர்டுடையது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தையே நேராகப் படிக்கிறது. வேகம் குறைகிற வரை காத்திருக்காமல், மிதித்த கணமே டிரெய்லருக்குச் செய்தி போய்விடும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

இல்லையென்றால் மூன்று வழி. வண்டி உங்களுடையது, பல வருடம் வைத்திருப்பீர்கள், மலைப்பக்கம் போவீர்கள் என்றால் டேஷ்போர்டின் கீழே பொருத்தும் விகிதாசாரக் கன்ட்ரோலர். புராடிஜி பி2, அதன் அண்ணன் பி3 இரண்டும் இந்த வகைதான். பி3-இல் திரை பெரிது, வண்ணங்கள் உண்டு. வேலை ஏறக்குறைய அதேதான். லீஸ் எடுத்த வண்டி, ஓட்டை போட மனமில்லை என்றால் கர்ட் நிறுவனத்தின் எக்கோ. வண்டியின் பின்னால் இருக்கும் 7 பின் சாக்கெட்டுக்கும் டிரெய்லர் பிளக்குக்கும் நடுவில் செருகிவிட்டால் ஆயிற்று, புளூடூத்தில் போனோடு பேசும். டேஷ்போர்டு அழகு கெடக்கூடாது, கல்லும் மணலுமான காட்டுப் பாதையிலும் ஓட்டுவேன் என்றால் ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் டோ-புரோ எலீட். பெட்டியை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, ஒரு திருகை மட்டும் வெளியே விடலாம். அதில் தானாக அளந்து போடும் முறையும் உண்டு, நாமே அளவை நிர்ணயிக்கும் முறையும் உண்டு. அந்த நாட்டில் கேரவனோடு பாலைவனம் தாண்டுபவர்கள் அதை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது புரிகிறது.

"நீங்க எதை வாங்குவீங்க அண்ணா?" என்றார் தம்பி. கேட்க வேண்டிய கேள்வியா! எனக்கு அவசரத்தில் கண் பார்க்காமல் கை பிடிக்கக்கூடிய ஒரு லிவர் வேண்டும். போன் திரையில் பொத்தானைத் தேடும் பொறுமை அந்த நொடியில் எனக்கு வராது. அதனால் டேஷ்போர்டுதான், பி2-தான்.

பொருத்துவதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. நான்கே ஒயர். வெள்ளை பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு, கறுப்பு பாசிட்டிவ்வுக்கு, சிவப்பு பிரேக் விளக்கு சுவிட்சுக்கு, நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு. கறுப்பு ஒயரின் வழியில் ஒரு சர்க்யூட் பிரேக்கர். ஒன்றிரண்டு அச்சுக்கு 20 ஆம்பியர், மூன்று நான்கு அச்சுக்கு 30. டோயிங் பேக்கேஜோடு வந்த பிக்கப்களில் டேஷ்போர்டின் அடியில் இதற்கென்றே ஒரு சாக்கெட் தொங்கும். வண்டிக்கு ஏற்ற ஒயர் கட்டை தனியாக வாங்கிச் செருகினால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெட்டி ஆடாமல், வண்டி போகும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். உணரி உள்ளே இருக்கிறதல்லவா? கோணலாக வைத்தால் அதன் கணக்கும் கோணலாகும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம். டிரெய்லரை மாட்டி 7 பின் பிளக்கைச் செருகியதும் திரையில் ஒரு சின்ன 'சி' எழுத்து வரும். இணைந்தாயிற்று என்று பொருள். பிளக் சரியாக உட்காராவிட்டால் பிரேக்கைத் தொட்டதும் 'என் சி' என்று மினுக்கும், இணைப்பு இல்லை. ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் 'எஸ் எச்'. பின்னால் நடப்பதை முன்னால் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளும் இந்த வசதிக்கே அந்த 150 டாலர் தகும்.

பிறகு காலியான, காய்ந்த, சமமான ஒரு பார்க்கிங் மைதானம். எஞ்சின் ஓடட்டும், லிவரை முழுக்க இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திரையில் 6 வோல்ட் வரும்வரை திருகைத் திருப்புங்கள். அதுதான் தொடக்கப் புள்ளி. இனி மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓட்டி, கால் பிரேக்கைத் தொடாமல் லிவரை மட்டும் முழுக்கத் தள்ளுங்கள். அடேங்கப்பா, அந்த உணர்வு! பின்னாலிருந்து ஒரு கை உங்கள் வண்டியை இடுப்பில் பிடித்து மெல்ல நிறுத்தும். நீங்கள் எதையும் மிதிக்கவில்லை. டிரெய்லர் உங்களை நிறுத்துகிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் திருகைக் குறையுங்கள். பிடிப்பு போதாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும், அதுதான் உங்கள் டிரெய்லரின் எண். என்னுடையது 7-ஐ ஒட்டி நிற்கிறது. டிரெய்லர் காலியாக இருந்தால் குறைக்க வேண்டும், சாமான் ஏற்றினால் கூட்ட வேண்டும், மழை பெய்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

புத்தம் புதிய டிரெய்லர் என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. புது ஷூவும் புது டிரம்மும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அச்சு செய்யும் டெக்ஸ்டர் நிறுவனம் சொல்லும் முறை: 40 மைல் வேகத்திலிருந்து 20-க்குக் குறைப்பது, ஆறவிடுவது, மறுபடி. இப்படி இருபது முப்பது தடவை. இதைச் செய்யாமல் "இந்த கன்ட்ரோலர் சரியில்லை" என்று பெட்டியைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், பெட்டி என்ன செய்யும்? முதல் 200 மைலுக்குப் பிறகு ஒரு தடவை, அதன்பின் 3,000 மைலுக்கு ஒரு தடவை ஷூவை இறுக்கிச் சரிசெய்ய வேண்டும். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, கையால் சுற்ற முடியாதபடி இறுக்கி, பிறகு லேசான உரசல் கேட்கும்வரை தளர்த்துவது. அந்த மெல்லிய 'சர்ர்' சத்தத்துக்குக் காது பழகிவிட்டால் போதும். தானே சரிசெய்துகொள்ளும் வகையும் வந்துவிட்டது.

சரி, மலை. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கம் வரும். 1973-ல் திறந்தது, மேற்கு வாயில் கடல் மட்டத்திலிருந்து 11,158 அடி உயரம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்த மறு நொடியே ரோடு விழ ஆரம்பிக்கும். சில்வர்தோர்ன் ஊர் வரை சுமார் எட்டு மைல், 7 சதவீதம் வரை சரிவு, இரண்டாயிரம் அடி இறக்கம். பிரேக் கைவிட்ட லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கத்தில் சரளை மேடுகள் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மேடுகளின் பலகை கண்ணில் பட்டாலே வயிறு கலங்குகிறவர்கள் உண்டு.

நானோ அந்த இறக்கத்துக்காகவே காத்திருப்பேன்! சுரங்கத்துக்குள்ளேயே கியரைக் குறைத்துவிடுவேன். இறக்கத்தில் முதல் வேலை எஞ்சினுடையது, பிரேக்குடையது அல்ல. வேகம் 50-ஐத் தாண்டும்போது ஒரு அழுத்து, 40-க்கு வந்ததும் காலை முழுக்க எடுத்துவிடுவது. லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் பிடிப்பு கரைந்துவிடும். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் திரையில் எண் துள்ளுகிறது. வண்டியும் டிரெய்லரும் ஒரே உடம்பாகத் தாழ்ந்து கொடுக்கின்றன. முதுகில் தள்ளல் இல்லை, ஹிட்சில் 'டங்' என்ற இடி இல்லை, மூக்கில் பிரேக் கருகும் வாடை இல்லை. புராடிஜியில் பூஸ்ட் என்று ஒரு பொத்தான் உண்டு, மூன்று நிலை. அழுத்தினால் டிரெய்லர் பிரேக் ஆரம்பத்திலேயே கூடுதல் பலத்தோடு பிடிக்கும். கனமான டிரெய்லருக்கும் இந்த மாதிரி இறக்கத்துக்கும் அது வரப்பிரசாதம். கீழே டில்லன் ஏரியின் நீலம் தெரிகிறபோது என் உள்ளங்கையில் வியர்வைகூட இருக்காது.

லிவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பக்கத்தில் பெரிய லாரி ஒன்று சீறிக் கடக்கும்போது காற்று அடித்து டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்கைத் தேடும், தேடக்கூடாது. பிக்கப் மட்டும் வேகம் குறைந்தால் ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, லிவரை மட்டும் தள்ளினால் டிரெய்லர் பின்னுக்கு இழுத்து நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும். வயோமிங் சமவெளிக் காற்றில் இந்த லிவர் எனக்குத் தந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆனால் ஒன்று, ஆட்டத்துக்கு மருந்து லிவர். நோய் வராமல் தடுப்பது எடைப் பங்கீடு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். கனமான சாமானையெல்லாம் பின்னால் ஏற்றிவிட்டுப் பெட்டியை நம்பிப் போகாதீர்கள்.

கன்ட்ரோலரின் கை எட்டாத ஒரு சூழ்நிலையும் உண்டு. டிரெய்லர் கழன்றே போய்விட்டால்? அதற்குத்தான் டிரெய்லரின் முன்கழுத்தில் ஒரு சின்ன சுவிட்ச், அதில் ஒரு பின், பின்னிலிருந்து பிக்கப்புக்கு ஒரு கம்பி. கழன்றால் கம்பி பின்னை உருவும், டிரெய்லரின் சொந்த பேட்டரி பிரேக்கைப் பிடித்துவிடும். வணிக டிரெய்லர்களுக்கான கூட்டரசு விதி, அந்தப் பிடி 15 நிமிடமாவது நிற்க வேண்டும் என்கிறது. கம்பியை ஹிட்ச் பந்திலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டாமல், பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். கிளம்புமுன் ஒரு தடவை பின்னை உருவிப் பார்த்து, பிடிக்கிறதா என்று கவனித்து, உடனே திரும்பச் செருகிவிடுவேன். உருவியபடியே விட்டால் பேட்டரி தீரும், காந்தமும் சூடேறிக் கெடும்.

படகு டிரெய்லர்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரில் முக்கி எடுக்கும் டிரெய்லரில் இந்தக் காந்தச் சங்கதி சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே பெரும்பாலும் தள்ளலால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்தான். யு-ஹால் வாடகைக்குத் தரும் கார் ஏற்றும் டிரெய்லர்களிலும் அதேதான். கன்ட்ரோலர் வேண்டாம், ஒயர் வேண்டாம், மாட்டினால் போதும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் லிவர் இல்லை, திருகு இல்லை, திரையில் துள்ளும் எண் இல்லை. டிரெய்லர் தள்ளிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். என்னுடையது வண்டி வேகம் குறையத் தொடங்கியதுமே விழித்துக்கொள்ளும்.

அந்தத் தம்பி கடைசியில் பி2-வே வாங்கினார். பொருத்தி, பார்க்கிங் மைதானத்தில் லிவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார். "அண்ணா! நான் பிரேக்கே மிதிக்கல, அதுவா நிக்குது!" அவர் குரலில் இருந்த அந்தத் துள்ளல்தான் நான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்ல முயன்றது. டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? மெத்தை, குளிர்சாதனம், வெளியில் விரிக்கும் பந்தல் எல்லாவற்றையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். இந்தப் பெட்டியை இந்த வருடமே வாங்குங்கள். வாங்கிய கையோடு ஒரு காலி மைதானத்துக்குப் போய், 25 மைலில், அந்த லிவரை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். அப்புறம் நீங்களும் என்னைப்போல, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதையே பேசிக்கொண்டிருப்பீர்கள்.